தவறு நம்முடையதல்லாத கார் விபத்து: காப்பீட்டுத் தொகையைக் கேட்டுப் பெறுவது எப்படி?

சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருக்கும் நம் காரின் பின்புறத்தில் இன்னொரு கார் வந்து இடிக்கிறது. இடித்தவர் பதறிப்போய் இறங்கி வந்து, "மன்னிச்சுக்குங்க, நான்தான் கவனிக்கல, எல்லாச் செலவையும் என் இன்சூரன்ஸ் பார்த்துக்கும்" என்கிறார். நாமும் அந்தச் சொல்லை நம்பி, தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நான்காவது நாள் அவருடைய காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வருகிறது: விளக்கு பச்சைக்கு மாறியதும் நம் கார்தான் பின்னோக்கி உருண்டு வந்து மோதியதாக அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முதன்முறையாக விபத்தைச் சந்திக்கும் பலருக்கும் கால் இடறும் இடம் இதுதான். தவறு யாருடையது என்பது நமக்குத் தெரிந்திருப்பது ஒன்று. சம்பவ இடத்தில் இல்லாத ஓர் அலுவலர் காகிதங்களைப் பார்த்து அதை ஏற்றுக்கொள்வது வேறொன்று. இடையிலுள்ள அந்தத் தூரத்தைக் கடக்கும் பொறுப்பு, நியாயமோ அநியாயமோ, இழப்பீடு கேட்பவர் தலையில்தான் விழுகிறது.

சட்டமும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடிய வரிசையையே இங்கே தருகிறேன். சில நாடுகளின் விதிகள் இடையிடையே வருவது, அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டுவதற்காக. உங்கள் பாலிசி ஆவணம் என்ன சொல்கிறது என்பதை, முடிந்தால் விபத்து எதுவும் நடக்காத ஒரு நாளிலேயே, ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்த இடத்தில்

முதலில் எஞ்சினை நிறுத்தி, அபாய விளக்குகளைப் போட்டு, இரண்டு வண்டிகளிலும் இருப்பவர்களுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டிருந்தால் மருத்துவ உதவியை அழைப்பதற்கு முன் வேறு எந்த வேலையும் கிடையாது. யாருக்கும் காயமில்லை, வண்டிகளும் நகரும் நிலையில் இருக்கின்றன என்றால் ஓரம் கட்டுவதே சரி. ஆனால், பின்னால் வரும் போக்குவரத்தால் ஆபத்தில்லை என்று உறுதியானால், நகர்த்துவதற்கு முன் இரண்டு படங்களையாவது எடுத்துவிடுங்கள். வண்டிகள் நின்ற நிலை ஒருமுறை கலைந்துவிட்டால் அதை மீண்டும் உருவாக்க முடியாது.

படம் எடுக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கை தானாகவே நசுங்கிய இடத்துக்குப் போகிறது. ஒரே பள்ளத்தைப் பத்துக் கோணங்களில் எடுத்துத் தள்ளுகிறோம். அந்தப் பள்ளம் மோதல் நடந்ததைச் சொல்லுமே தவிர, யார் மோதினார் என்பதைச் சொல்லாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தடத்தில் வந்தவர் திடீரென்று உள்ளே திரும்பி என் முன்கதவை உரசிவிட்டார். நான்தான் அவருடைய தடத்துக்குள் நுழைந்தேன் என்று பிறகு அவர் சாதித்தபோது, நான் எடுத்திருந்த 14 படங்களில் 13 எதற்கும் பயன்படவில்லை. மீதமிருந்த ஒன்று, சாலையோரத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்று ஏதோ நினைவில் எடுத்தது. அதில் என் பின்சக்கரம் தடக்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே நிற்பதும், அவருடைய முன்சக்கரம் அதே கோட்டின்மேல் ஏறி என் பக்கம் திரும்பியிருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. மூன்று வாரம் நீண்ட வாதம் அந்தப் படத்தை அனுப்பிய மறுநாள் முடிந்துபோனது.

ஆகவே, முதலில் இருபது அடி தள்ளி நின்று, இரண்டு வண்டிகளும் சாலைக் கோடுகளும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். பிறகு நான்கு மூலைகளிலிருந்தும் சுற்றிவந்து எடுங்கள். சக்கரங்கள் திரும்பியிருக்கும் திசை, டயர் தேய்ந்த தடம், கண்ணாடித் தூளும் உடைந்த விளக்குத் துண்டுகளும் சிதறிக் கிடக்கும் இடம், போக்குவரத்து விளக்கு, நிறுத்தக் கோடு, வழிகாட்டிப் பலகைகள் ஆகியவை அடுத்து வரவேண்டும். நசுங்கிய பகுதிக்கு இரண்டு மூன்று படங்கள் போதும். எதிர்வண்டியின் சேதமடையாத பக்கங்களையும் எடுத்து வைப்பது நல்லது. பழைய கீறல்களெல்லாம் பின்னாளில் இந்த விபத்தின் கணக்கில் சேர்வதை அது தடுக்கும்.

மற்ற ஓட்டுநரிடமிருந்து பெயர், முகவரி, தொலைபேசி எண், வண்டியின் பதிவெண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண் ஆகியவற்றைப் பெற வேண்டும். கையால் எழுதிக்கொள்வதைவிட ஆவணங்களைப் படமெடுத்துக்கொள்வது மேல். பதற்றத்தில் எண்களை மாற்றி எழுதாதவர் அரிது. ஓட்டுபவர்தான் வண்டியின் உரிமையாளரா என்றும் கேளுங்கள். பணிக்கான வண்டியாக இருந்தால் நிறுவனத்தின் பெயர் தேவைப்படும். ஐரோப்பாவின் பல நாடுகளில் இதற்கென்றே ஒரு பொதுப் படிவம் புழக்கத்தில் இருக்கிறது. எந்த மொழியில் அச்சிட்டாலும் கட்டங்களின் அமைப்பு ஒன்றே என்பதால், மொழி தெரியாத இருவர்கூட அதை நிரப்பிக் கையெழுத்திட முடியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைபடத்தில் அம்புக்குறிகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் இருமுறை பாருங்கள். பின்னால் அதை மாற்றுவது கடினம்.

நேரில் பார்த்த ஒருவர் தானாக முன்வந்து நின்றால், அவருடைய பெயரையும் எண்ணையும் அந்த நிமிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஐந்து நிமிடத்தில் தம் வழியே போய்விடுவார். பிறகு கண்டுபிடிக்க வழியிராது. நம் காரில் உடன் வந்தவர் சொல்வதைவிட, இரு தரப்புக்கும் உறவில்லாத அவர் சொல்வதற்கே எடை அதிகம்.

இனி, பேச்சு. இடிபட்டவர்கூட இறங்கியதும் "சாரி" என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது; அது பண்பாடு, குற்ற ஒப்புதல் ஆகாது என்பது நமக்குத் தெரியும். காப்பீட்டுக் கோப்பில் அது எப்படிப் பதிவாகும் என்று சொல்ல முடியாது. "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டால் மரியாதையும் நிற்கும், பொருளும் திரியாது. "நானும் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்" என்பது போன்ற சமாதானப் பேச்சுகளை அறவே தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில், பாதிக்கப்பட்டவர் மீது சிறிதளவு தவறு இருப்பதாக நிறுவப்பட்டாலே பொதுவாக அவருடைய உரிமை முழுவதும் போய்விடும். வேறு பல இடங்களில் தவறின் விகிதத்துக்கேற்பத் தொகை குறையும். அந்த ஒரு வாக்கியத்தின் விலை இவ்வளவு.

"ரெண்டு பேருமே பேசி முடிச்சுக்கலாம், இன்சூரன்ஸ் எதுக்கு?" என்று சொல்லிக் கையில் பணத்தை நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். பின்பக்க பம்பரில் நாம் பார்ப்பது பிளாஸ்டிக் உறையை மட்டுமே. அது அமுங்கி, மீண்டும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். உள்ளேயிருக்கும் உலோகத் தண்டு வளைந்திருப்பதும், டிக்கியின் தரைத்தகடு மடங்கியிருப்பதும் பணிமனையில் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வெளித்தோற்றத்தை வைத்து அங்கேயே கணக்கு முடிப்பவர் அநேகமாக நஷ்டப்படுவார்.

காவல்துறைக்குத் தெரிவிப்பது எப்போது கட்டாயம் என்பது இடத்தைப் பொறுத்தது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988, இன் 134ஆம் பிரிவு, காயமோ பிறர் உடைமைச் சேதமோ ஏற்பட்ட விபத்தை அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்கும் கடமையை ஓட்டுநருக்கு விதிக்கிறது. பிரிட்டனில், விபத்து நடந்த இடத்தில் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள முடியாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கட்டாயமில்லாத இடத்திலும், எதிர்த்தரப்பு விவரம் தர மறுத்தாலோ, குடித்திருப்பதாகத் தோன்றினாலோ, விட்டு ஓடிவிட்டாலோ, காவல்துறைப் பதிவு ஒன்று இல்லாமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது.

அன்றைய இரவுக்குள்

டேஷ்கேம் (காரின் முன்புறம் பொருத்தி, சாலையைப் பதிவு செய்யும் கேமரா) வைத்திருப்பவர்கள் அது இருக்கிறது என்ற தைரியத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். நினைவக அட்டை நிரம்பியதும் பழைய காட்சிகளின் மேலேயே புதியவை பதிவாகிக்கொண்டே போகும். சேதமான காரை வீட்டுக்கு ஓட்டி வந்து, மறுநாளும் ஓட்டினால், நமக்கு வேண்டிய இரண்டு நிமிடம் அழிந்துபோயிருக்கலாம். பதிவைப் பூட்டும் பொத்தான் இருந்தால் அங்கேயே அழுத்துங்கள்; இல்லையேல் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். அருகிலிருந்த கட்டடங்களின் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் பதிவுகளும் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும் என்பதால், கேட்பதானால் மறுநாளே போய்க் கேட்க வேண்டும்.

நடந்ததை நடந்த வரிசையில் ஒரு பக்கம் எழுதி, தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். எந்தத் தடத்தில் இருந்தீர்கள், என்ன வேகம், வெளிச்சமும் சாலையின் ஈரமும் எப்படி இருந்தன, மற்றவர் என்ன சொன்னார் என்பவை அதில் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து ஒருவர் கேள்வி கேட்கும்போது நினைவிலிருந்து சொல்லும் பதிலில் சிறு முரண்கள் தோன்றும். முரண்கள் தோன்றினால் உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இதே தாளின் தொடர்ச்சியாக, இனிமேல் பேசும் ஒவ்வோர் அழைப்பின் தேதி, பேசியவர் பெயர், சொன்ன செய்தி ஆகியவற்றையும் குறித்து வாருங்கள்.

கழுத்துவலி, முதுகுவலி போன்றவை பல நேரங்களில் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோதான் தலைகாட்டும். சிறு அசௌகரியம் இருந்தாலும் மருத்துவரைப் பார்த்து, விபத்து நடந்ததைச் சொல்லி, அதை மருத்துவக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். உடலுக்காகத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றாலும், காயத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைப் பிறகு காட்டப்போவதும் அந்தக் குறிப்புதான்.

இரண்டு கதவுகள்

இந்த நடைமுறை முழுவதிலும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டென்றால், அது எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டுவது என்பதுதான். நம்முடைய காப்பீட்டு நிறுவனம் ஒரு கதவு. இடித்தவருடைய நிறுவனம் இன்னொரு கதவு. "தப்பு அவருடையது, நான் ஏன் என் பாலிசியில் கேட்க வேண்டும்?" என்று கோபப்படுவது இயல்பே. ஆயினும் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நம் நிறுவனத்தில் கேட்பதற்கு, நம் சொந்த வண்டியின் சேதத்துக்கும் பொறுப்பேற்கும் முழுமையான பாலிசி தேவை. நாம் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் எடுத்திருந்தால் இந்தக் கதவு பொதுவாக மூடியே இருக்கும். முழுமையான பாலிசி இருப்பவருக்கு இதில் வேகம் கிடைக்கும். நமக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருப்பதால், யார் தவறு என்ற வாதம் முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை; பழுதுபார்ப்பதற்கான பணத்தைக் கொடுத்துவிட்டு, நம் இடத்தில் தாங்கள் நின்று இடித்தவரின் நிறுவனத்திடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளலாம். இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஈடு, அதற்குமேல் ஒருவர் லாபமடையக் கூடாது என்ற கொள்கையிலிருந்து பிறந்த உரிமை அது. 1883இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீ விபத்து வழக்கில் அதை வரையறுத்துச் சொன்னது, காப்பீட்டுச் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. இதனால் நமக்கு ஒரு கடமையும் உண்டாகிறது: நம் நிறுவனம் பணம் கொடுத்த பிறகு, இடித்தவரோடு தனியாகச் சமரசம் செய்து எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. அது அவர்களுடைய வசூல் உரிமையைக் கெடுக்கும். கொடுத்த பணத்தை அவர்கள் திரும்பக் கேட்கவும் கூடும்.

விலை என்னவென்றால், பாலிசியில் நாம் ஏற்பதாக ஒப்புக்கொண்ட கழிவுத் தொகையை முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டும். வசூல் முழுமையாக நடந்தால் அது திரும்பி வரலாம். ஆனால் பல நிறுவனங்கள் நாம் கேட்டு நினைவூட்டாமல் தாமாக அனுப்புவதில்லை. அடுத்த புதுப்பித்தலில் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை, பாதிக்கப்படுமா என்பது இரண்டாவது கேள்வி. இந்தியாவில் இந்தச் சலுகை 20 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுக்காண்டு ஏறி, 50 விழுக்காடு வரை போகிறது. சொந்தச் சேதத்துக்கு ஒருமுறை கேட்டாலே, தவறு யாருடையதாக இருந்தாலும், பொதுவாகச் சுழியத்துக்கு இறங்கிவிடும். சிறிய சேதமென்றால், இழக்கும் சலுகையையும் கழிவுத் தொகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே விட்டுவிடுவதுகூடச் சில நேரம் சரியான கணக்காகும். வேறு நாடுகளில், செலவு முழுவதும் எதிர்த்தரப்பிடமிருந்து வசூலாகிவிட்டால் சலுகை காப்பாற்றப்படுவதுண்டு.

எதிர்த்தரப்பின் கதவைத் தட்டினால் கழிவுத் தொகை இல்லை, நம் சலுகைக்கும் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் அவர்கள் நமக்கு எந்த ஒப்பந்தத்தாலும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். தம் வாடிக்கையாளர் தவறை ஒப்புக்கொள்ளும்வரை அல்லது சான்றுகள் அவரை மடக்கும்வரை காத்திருப்பார்கள். ஜெர்மனியில் இந்தக் கதவுதான் வழக்கமான வழி. மிகச் சிறிய சேதங்களைத் தவிர மற்றவற்றில், பாதிக்கப்பட்டவர் தாமே ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தி, அந்தக் கட்டணத்தையும் இடித்தவரின் நிறுவனத்திடமே பெறலாம். கனடாவின் ஒன்டாரியோவில் நிலைமை நேர்மாறு: அங்கே காப்பீடுள்ள இரண்டு வண்டிகள் மோதினால், நம் தவறில்லாத பங்குக்குப் பொதுவாக நம் நிறுவனமே ஈடு தரும், தவறின் பங்கு, வானிலையையோ சாலை நிலையையோ கணக்கில் கொள்ளாமல், படங்களோடு வகுக்கப்பட்ட விதிகளின்படி முடிவாகும். இந்தியாவில் இடித்தவரின் காப்பீட்டிலிருந்து வண்டிச் சேதத்தைப் பெற வேண்டுமானால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வழியே போக வேண்டும். அதனால்தான் தவறே செய்யாத பலரும் அங்கே முணுமுணுத்துக்கொண்டே தம் பாலிசியில் கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

என் கருத்து இது: முழுமையான பாலிசி இருந்து, சேதமும் பெரிதாக இருந்து, தவறு யாருடையது என்பதில் தகராறும் இருந்தால், நம் நிறுவனத்திடமே போவது நல்லது; தொலைபேசியில் மல்லுக்கட்டும் வேலையை அதற்கென்றே சம்பளம் வாங்குபவர்களிடம் விட்டுவிடலாம். எதிர்த்தரப்பு தவறை எழுத்தில் ஏற்றுக்கொண்டு, உள்ளூர் நடைமுறையும் இடம் கொடுத்தால், அந்தக் கதவு சிக்கனமானது.

எந்தக் கதவைத் தேர்ந்தாலும், நம் நிறுவனத்துக்கு விபத்தைத் தெரிவிப்பதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. "இது தகவலுக்காக மட்டுமே, இப்போது க்ளெய்ம் கேட்கவில்லை" என்று சொல்லியே தெரிவிக்கலாம். சிங்கப்பூரில் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் தம் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நடைமுறை. தெரிவிக்காமல் இருந்து, இடித்தவர் முந்திக்கொண்டு நம்மீதே ஒரு க்ளெய்ம் போட்டுவிட்டால், நம் தரப்பை எடுத்துச் சொல்ல வேண்டிய நிறுவனம் அதை அவர் வாயிலாக முதலில் கேட்டறியும் நிலை வரும்.

எதிர்த்தரப்பிலிருந்து வரும் தொலைபேசி

விபத்து நடந்த ஓரிரு நாளில், நயமாகப் பேசும் ஒருவர் அழைப்பார். "வணக்கம், இப்ப எப்படி இருக்கீங்க?" என்பார். நாமும் வழக்கப்படி "நல்லா இருக்கேங்க" என்போம். அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தால், விபத்துக்கு இரண்டு நாள் கழித்தும் நமக்கு எந்தக் குறையும் இல்லை என்று நாமே சொன்னதாக அது கோப்பில் ஏறும். அவர் சூழ்ச்சிக்காரர் என்று சொல்லவில்லை. அவருடைய வேலை அவருடைய நிறுவனத்துக்குச் செலவைக் குறைப்பது, அதை அவர் செய்கிறார். பெயர், பதிவெண், தேதி, இடம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, "மற்ற விவரங்களை எழுத்தில் தருகிறேன், உங்கள் கேள்விகளையும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேகம், தூரம் போன்றவற்றை ஊகித்துச் சொல்ல வேண்டாம். சரியாகத் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்பதே நேர்மையான பதில்.

மதிப்பீடும் பழுதுபார்ப்பும்

பணிமனையில் விட்ட மறுநாளே வேலையைத் தொடங்கச் சொல்லிவிடாதீர்கள். பணம் கொடுக்கப்போகும் நிறுவனம், சேதத்தை மதிப்பிடும் தன் சர்வேயர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். கழற்றிய பாகங்களைத் தூக்கியெறிந்துவிட்டால் அவற்றின் செலவைக் கேட்பது சிரமம். சர்வேயர் வரும் நேரத்தில் நீங்களும் பணிமனையில் இருக்க முடிந்தால் நல்லது. அவர் பார்க்கத் தவறும் இடத்தைச் சுட்டிக்காட்ட, வண்டியைத் தினமும் ஓட்டியவரால்தான் முடியும்.

முதல் மதிப்பீடு வெளியே தெரிவதை மட்டும் கொண்டது என்பதை நினைவில் வையுங்கள். கழற்றிய பிறகு புதிய சேதம் தெரிந்தால், வேலையை அந்த இடத்தில் நிறுத்தி, படமெடுத்து, கூடுதல் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். தற்காலக் கார்களில் பம்பருக்குப் பின்னாலும் முன்கண்ணாடியின் மேற்புறத்திலும் உணரிகளும் கேமராக்களும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி மாட்டினால், சரியாக வேலை செய்யும்படி மறுபடியும் அளவு சரிசெய்ய (கேலிபரேஷன்) வேண்டிவரலாம். மதிப்பீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாகங்கள் தயாரிப்பாளருடையவையா, வேறு நிறுவனங்களுடையவையா, பழையவற்றுக்குத் தேய்மானம் கழிக்கப்படுகிறதா என்பவற்றையும் வேலை தொடங்கும் முன்பே கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

குழந்தை இருக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடுத்தரமான அல்லது கடுமையான மோதலுக்குப் பிறகு அதை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அறிவுரை. காரை அங்கிருந்து ஓட்டிச் செல்ல முடிந்தது, இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமடையவில்லை, பயணிகள் யாருக்கும் காயமில்லை, காற்றுப்பைகள் விரியவில்லை, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை என்ற ஐந்தும் பொருந்தினால் மட்டுமே அதைச் சிறிய மோதலாகக் கொள்ளலாம். குழந்தை அப்போது இருக்கையில் இருந்ததா என்பது இதில் வருவதில்லை. புதிய இருக்கையின் ரசீதையும் இழப்புப் பட்டியலில் சேருங்கள்.

அந்தப் பட்டியலில் வேறு என்னென்ன வரலாம்? இழுவை வண்டிக் கட்டணம், வண்டியை நிறுத்தி வைத்த கட்டணம், மாற்று வண்டியின் வாடகை, மருத்துவத்துக்கும் பணிமனைக்கும் அலைந்த பயணச் செலவு, இழந்த சம்பளம் ஆகியவை பல நாடுகளில் இடித்தவரிடம் கேட்கக்கூடியவை. சரியாகப் பழுதுபார்த்த பிறகும் விபத்துக்குள்ளான வண்டி என்பதற்காக மறுவிற்பனை விலை குறைவதை, ஜெர்மனி போன்ற நாடுகளில் தனி இழப்பாகவே கேட்கலாம். மாற்று வண்டி எடுக்கும்போது நம் காரின் வகைக்கு ஒத்ததாகவும், நியாயமான நாட்களுக்கு உட்பட்டும் எடுங்கள். சொகுசு வண்டியை இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு அந்தச் செலவைக் கேட்டால், மொத்தக் கோரிக்கையின் நம்பகத்தன்மையே குலையும். வண்டி ஏதோ ஓர் இடத்தில் நாள் வாடகைக்கு நின்றுகொண்டிருந்தால் விரைவாக நகர்த்திவிடுங்கள். இழப்பை வளரவிடாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது பாதிக்கப்பட்டவரின் கடமையும்கூட.

பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால், நிறுவனம் அதை முழு இழப்பாக அறிவித்து ஒரு தொகையைச் சொல்லும். அந்த முதல் எண்ணை முடிவான எண்ணாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எந்த வண்டிகளோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். மாதிரியின் உயர்ரகம், ஓடிய கிலோமீட்டர், பராமரிப்புப் பதிவு, அண்மையில் மாற்றிய டயர் ஆகியவை விடுபட்டிருக்கும். அதே ஆண்டு, அதே ரகத்தில் விற்பனைக்கு இருக்கும் நான்கைந்து வண்டிகளின் விளம்பரங்களை இணைத்துத் திருப்பி எழுதுங்கள். ஆனால் பாலிசியிலேயே மதிப்பு குறிக்கப்பட்டிருந்து, நம் நிறுவனத்திடமே கேட்டிருந்தால், அந்த எண்ணைத் தாண்டுவது அரிது.

கையெழுத்துக்கு முன்

எதிர்த்தரப்பு காசோலையோடு ஒரு விடுவிப்புப் பத்திரத்தை, அதாவது இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று நாம் எழுதித் தரும் ஒப்புதலை, அனுப்பும். "இந்த விபத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக" என்ற தொடர் அதில் இருந்தால், அது வண்டியை மட்டும் குறிக்கிறதா, உடல் காயத்தையும் சேர்த்துக்கொள்கிறதா என்று படியுங்கள். காயத்தின் சிகிச்சை முடியாதபோது, வண்டிச் சேதத்துக்கு மட்டும் தனியாகத் தீர்வு எழுதிக் கேட்பது முற்றிலும் நியாயமான கோரிக்கை. காயம் பெரிதாக இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

அதே நேரத்தில் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் காயத்துக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுகள், உடைமைச் சேதத்துக்கு ஆறு ஆண்டுகள். இந்தியாவில் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய ஆறு மாதம் என்ற வரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயங்களுக்கு, தவறு யாருடையது என்று பாராமல், அரசுத் திட்டமே பொறுப்பேற்கிறது. வண்டிச் சேதம் அதில் வராது. நிறுவனத்தோடு இனிமையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாலேயே இந்தக் கெடுக்கள் தாமாக நீள்வதில்லை.

இடித்தவரிடம் காப்பீடே இல்லை, அல்லது அவர் தப்பி ஓடிவிட்டார் என்றால் இரண்டாவது கதவு இல்லாமல் போகிறது. சொந்தப் பாலிசியில் இதற்கான பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 1946இல் தோன்றிய மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் இத்தகைய பாதிப்புகளுக்கு ஈடு தருகிறது. இந்தியாவில் இடித்துவிட்டு ஓடிய வண்டியால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கும் கடுங்காயமடைந்தவருக்கும் தனி நிதி இருக்கிறது. அது வண்டியின் சேதத்துக்குப் பொருந்தாது.

க்ளெய்ம் மறுக்கப்பட்டாலோ, தவறின் ஒரு பங்கை நம்மீது சுமத்தினாலோ, மறுப்பின் காரணத்தைப் பாலிசியின் எந்தப் பிரிவு, எந்தச் சான்று என்று குறிப்பிட்டு எழுத்தில் தரும்படி கேளுங்கள். இப்படிக் கேட்கும் ஒரு கடிதத்துக்கே சில மறுப்புகள் கலைந்துவிடும். கலையாவிட்டால் நிறுவனத்தின் உள் புகார்ப் பிரிவு, அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று படிப்படியாகப் போகலாம். குறைதீர்ப்பாளரிடம் பொதுவாக நம் சொந்த நிறுவனத்தின் மீதுதான் புகார் செய்ய முடியும் என்பதையும், இரண்டு கதவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து கார் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வசூல் முழுமையாக நடந்ததா, தவறு நம்மீதில்லை என்று கோப்பு மூடப்பட்டதா என்று நம் நிறுவனத்திடம் கேட்டு, ஒரு கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய கழிவுத் தொகையையும் அந்தக் கடிதத்திலேயே திருப்பிக் கேளுங்கள். கோப்பு மூடாமல் திறந்தே கிடந்தால், சில நிறுவனங்களின் கணினி அதைத் தவறு நம்முடையதாகவே கருதிப் புதுப்பித்தல் கட்டணத்தைக் கணக்கிடும். புதுப்பித்தல் அறிவிப்பு வந்ததும் போனஸ் என்ற வரியைத் தேடி, சென்ற ஆண்டு ரசீதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண் குறைந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.